மீள்குடியேற்றம்

மல்லாவி ஆஸ்பத்திரி ஆய்வுகூட யன்னலை
எட்டு மணிக்குத்தான் திறப்பேன்.
ஏழரைக்கே போத்தல்கள் வந்துவிடும்:
ஜாம் போத்தல், தைலக் குப்பி,
ஒருமுறை வெல்வெட் வைத்த நகைப்பெட்டி.
மூடியைத் திறக்கமுன்
பேரை வாசிக்கிற பழக்கம் எனக்கு.
ஊரை முகத்தால் அறிகிறவர்கள் இருக்கிறார்கள்.
நான் மற்றப் பக்கத்தால் அறிகிறேன்.

பகீரதன், வயது முப்பத்திரண்டு,
நுண்கடன் கொம்பனிக்குத் தவணை அறவிடுகிறவர்,
மூன்றாம் தரம் வந்தார்.
ஐயன்கன்குளம் மட்டும் போய்வருகிற மோட்டார் சைக்கிளில்
காலை மாஜரின் தடவின பணிஸ்,
பதினொன்றுக்கு ரோல்ஸும் சோடாவும்,
மத்தியானம் மறந்துபோகும்,
இரவு பத்தரைக்குக் கொத்து.
"பூச்சி கீச்சி ஏதும்?"
"இல்லை."
"வடிவாப் பாத்தனீங்களே மிஸ்?"
பார்த்தேன்.
முட்டை இல்லை, அமீபா இல்லை, இரத்தம் இல்லை.
இருக்கக்கூடாதது இருக்கிறதா என்று கேட்கத்தான்
படிவத்தில் கட்டங்கள் உண்டு.
இருக்கவேண்டியது இல்லாமல் போனதை
எந்தக் கட்டத்தில் எழுத?

ஐப்பசியில் எனக்குக் கடவாய்ப்பல் சீழ்பிடித்தது.
ஏழு நாள் குளிசை, நாளுக்கு மூன்று.
பல் ஆறியது.
ஆர் எவரென்று கேட்டு விழுகிற சாமான் இல்லை குளிசை.
நாலாம் நாள் வயிற்றுக்குள்
சனம் எழும்பிப்போன ஊரின் அமைதி.
பிறகு தண்ணி தண்ணியாய்ப் போனது.

கிணற்றடிக்கும் கக்கூசுக்கும் இடையில் நடந்தபடி
பதினொரு வயதை நினைத்தேன்.
முகாமில் கூப்பனுக்கு ஐந்து சாமான்:
அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய்.
மாவை ரொட்டியாக்கி, மாவைக் கஞ்சியாக்கி,
திரும்பவும் ரொட்டியாக்கி
எட்டு மாதம்.
முட்கம்பிக்கு வெளியே முளைத்த சாரணையை
எட்டிப் பிடுங்கினதுக்கு அம்மா ஏச்சு வாங்கினா.
அப்போது என் குடலுக்குள் இருந்தவர்களும்
எங்கோ தட்டோடு வரிசையில் நின்றிருப்பார்கள்.

நார் கிடைக்காவிட்டால் அவர்களில் சிலர்
குடற்சுவரின் வழுவழுத்த பூச்சையே
தின்னத் தொடங்குவார்களாம்,
மாரியில் விறகில்லாத வீடு
தன் கூரைக் கிடுகையே இழுத்து எரிக்கிறதுபோல.

குளிசை முடிய மீள்குடியேற்றம்.
முதலில் வந்தவர்கள் பழைய ஆட்கள் இல்லை,
வெறுங்காணி கண்டு கொட்டில் போட்டவர்கள்.
வயிறு ஊதியது, புளித்தது, அலுப்படித்தார்கள்.
நான் நிவாரணம் கொடுத்தேன்:
தவிடு போகாத சிவப்பரிசி, கௌபி,
வாழைப்பொத்தி வறை, பயற்றங்காய்,
வவுனிக்குளத்துப் பக்கத்து எருமைத் தயிர்
(அதில் வருகிறவர்கள் விருந்தாளிகள்,
தங்குவார்களோ தெரியாது).
ஒரே சாமானையே கொட்டாமல்
மாற்றி மாற்றி, பொறுத்துப் பொறுத்து.
விதானையார் இல்லாத ஊர்.
ஆர் வந்தார், ஆர் வரவில்லை,
பதிவு ஒன்றும் இல்லை.
தை பிறந்தும்
சில வீடுகள் பூட்டியே கிடக்கின்றன என்று நினைக்கிறேன்.
பேர் தெரியாதவர்களை எப்படித் தேடுவதென்றும் தெரியாது.

பகீரதனுக்கு ரிப்போட்டின் பின்பக்கம் எழுதினேன்:
கௌபி. கீரை.
மத்தியானச் சாப்பாடு, மத்தியானத்திலேயே.
"மருந்து இல்லையோ?"
"அதை டொக்டரைக் கேளுங்கோ. இது என்ரை எழுத்து."

இரண்டு கிழமையில் யன்னலடியில் மோட்டார் சைக்கிள்.
கையில் போத்தல் இல்லை.
பின்னால் நின்ற பொம்பிளையளைப் பார்த்துவிட்டுக்
குரலைத் தாழ்த்தினார்:
"மிஸ், கௌபி திண்டு ஒரே காத்தும் சத்தமும்.
தவணை எடுக்கப் போற வீடுகளிலை வெக்கமாயிருக்கு."

"வரட்டும்" என்றேன்.
"ஆள் இல்லாத வீட்டிலைதான் சத்தம் வராது."

அடுத்தது ஒரு தைலக் குப்பி.
பேர் ஒட்டியிருக்கவில்லை.